நடத்தை என்னும் உரைகல்: வைத்தியர் ஐடா ஸ்கடர் அம்மையார்

கிளினிக் நாளுக்கு மூன்று நாள் இருக்கும்போதே தேநீரில் சீனியை நிறுத்தி, இரவுச் சோற்றைக் குறைத்து, அன்று காலை வெறும் வயிற்றோடு இரத்தம் கொடுக்க வருகிறவர்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர். அன்றைய அளவு அழகாகவே இருக்கும். வைத்தியரும் மகிழ்வார் என்று நம்புவார்கள். ஆனால் சீனி வருத்தத்துக்கு இன்னொரு பரிசோதனையும் உண்டு. கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியை அது காட்டிவிடும். கல்யாண வீட்டுக் கேசரியும், பின்னேரத் தேநீரோடு உள்ளே போன தொதலும் அதில் பதிந்திருக்கும். ஒரு நாளை ஒழுங்குபடுத்திக் கொள்ளலாம், மூன்று மாதத்தை ஒழுங்குபடுத்திக் கொள்வது கடினம்.

மனிதரின் குணத்தை அறிவதும் ஏறக்குறைய இப்படித்தான் என்று வைத்தியத் தொழிலில் இருக்கும் நாங்கள் நினைப்பதுண்டு. மேடையில் பேசிய ஒரு பேச்சு, பத்திரிகையில் வந்த ஒரு படம், பெண் பார்க்க வந்த ஒரு மாலைப்பொழுது, நேர்முகப் பரீட்சையின் இருபது நிமிடம் ஆகியவற்றைக் கொண்டு ஒருவரை நல்லவர் என்றும் ஆகாதவர் என்றும் தீர்த்துவிடுகிறோம். திருக்குறளில் தெரிந்துதெளிதல் என்று ஓர் அதிகாரம் இருப்பதைப் பாடசாலையில் படித்தோம். ஒருவருடைய பெருமைக்கும் சிறுமைக்கும் அவர் செய்யும் செயலே உரைகல் என்பது அதன் சாரம். செயல் என்றால் எந்தச் செயல்? வாழ்நாளில் ஒரு தடவை செய்த பெரிய செயலா, தினந்தோறும் செய்த சிறிய செயலா? இந்தக் கேள்விக்கு விடை தேடத்தான் நூற்றாண்டு மலரில் வைத்தியர் ஐடா ஸ்கடர் அம்மையாரின் வாழ்க்கையை எடுத்துக் கொள்கிறோம்.

வேலூர் என்றதும் நம்மவருக்கு நினைவு வருவது கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி வைத்தியசாலை. இலங்கையிலிருந்து சிகிச்சைக்காக அங்கே போய் வந்தவர்கள் கண்டியிலும் மாத்தளையிலும் இருக்கிறார்கள், யாழ்ப்பாணத்திலும் இருக்கிறார்கள். அந்த வைத்தியசாலையைத் தொடங்கியவர் ஐடா அம்மையார். அவருடைய குடும்பத்துக்கும் நம் நாட்டுக்கும் தொடர்பு உண்டு. நியூயோர்க் நகரில் நல்ல வைத்தியத் தொழிலை விட்டுவிட்டு 1819ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் நோயாளரைப் பார்த்த மூத்த ஜோன் ஸ்கடர் அவருடைய பாட்டனார். அவர் 1836இல் சென்னைக்கு மாறும் வரை யாழ்ப்பாணத்திலேயே பணிபுரிந்தார். ஐடாவின் தந்தையாரான இளைய ஜோன் ஸ்கடர் 1835இல் இலங்கையில் பிறந்தவர். அந்தக் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக வைத்தியர்களும் மிஷனரிகளும் உருவானார்கள்.

ஐடா 1870ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் திகதி வட ஆர்க்காட்டு மாவட்டத்து இராணிப்பேட்டையில் பிறந்தார். அண்ணன்மாரோடு வளர்ந்த ஒரே பெண் பிள்ளை. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும் பஞ்சத்தின்போது அவர் சிறுமி. பட்டினியால் எலும்பும் தோலுமாக வந்து நின்ற பிள்ளைகளுக்குப் பாண் துண்டுகளைப் பிய்த்துக் கொடுக்கும் வேலை அவர் கையிலும் கொடுக்கப்பட்டது. பின்பு அமெரிக்கா சென்ற குடும்பத்தில், தந்தையார் முதலிலும் தாயார் பின்னரும் இந்தியாவுக்குத் திரும்பிவிட, சிறுமி உறவினரிடம் விடப்பட்டார். தாயார் புறப்பட்ட இரவு அழுது தீர்த்த அந்தப் பிள்ளைக்கு இந்தியா என்பது தன்னிடமிருந்து பெற்றோரைப் பறித்த ஊராகத்தான் தெரிந்திருக்க வேண்டும். மாசசூசெற்ஸ் மாநிலத்து நோர்த்ஃபீல்ட் பெண்கள் பாடசாலையில் அவர் குறும்புக்குப் பெயர் போனவர். குடும்பத்தில் யார் மிஷனரியானாலும் தான் ஆவதில்லை என்பதில் உறுதியாக இருந்தார்.

தாயாருக்குச் சுகமில்லை என்ற செய்தி வந்ததால் 1890இல் திண்டிவனத்துக்கு வந்தார். கொஞ்சக் காலம் இருந்து, தாயாரைப் பார்த்துக்கொண்டு, திரும்பிப் போய்விடுவதுதான் திட்டம். அங்கே நடந்ததுதான் எல்லோரும் அறிந்த அந்த மூன்று கதவுத் தட்டல்கள். ஓர் இரவில் ஒரு பிராமணர் வந்தார். அவருடைய இளம் மனைவிக்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டது, ஐடா வர வேண்டும் என்று கேட்டார். தனக்கு வைத்தியம் தெரியாது, தந்தையாரை அழைத்துச் செல்லுங்கள் என்றார் ஐடா. பிற ஆடவர் தன் மனைவியின் முகத்தைப் பார்க்க முடியாது என்று சொல்லி அவர் போய்விட்டார். அதே இரவில் ஒரு முஸ்லிம் கணவரும், பின்பு ஒரு முதலியாரும் அதே வேண்டுகோளோடு வந்து அதே விடையோடு திரும்பினார்கள். விடிந்ததும் சாவுமேளம் கேட்டது. மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள் என்று வேலையாள் விசாரித்து வந்து சொன்னார். அன்று ஐடா வைத்தியம் படிப்பது என்று முடிவெடுத்தார்.

இந்தக் கதையை ஞாயிறு வகுப்புகளிலும் தமிழ்ப் பாடத்திலும் மேடைகளிலும் நாம் பல தடவை கேட்டிருக்கிறோம். அவரைப் பற்றி ஒரு பந்தி எழுதச் சொன்னால் நம்மில் பலர் இந்த இரவோடு தொடங்கி இந்த இரவோடு முடித்துவிடுவோம். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அப்படியோர் இரவைக் கண்ட யாருக்கும் மனம் அசையும். வார்டில் ஒரு தாயின் சாவைப் பார்த்த எத்தனையோ இளம் வைத்தியர்கள் இனி வாழ்நாள் முழுவதும் கிராமத்திலேயே வேலை செய்வோம் என்று அன்று மாலை சபதம் எடுத்திருக்கிறார்கள். அடுத்த இடமாற்றப் பட்டியல் வரும்போது சபதம் நினைவில் இருப்பதில்லை. அவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, மனித இயல்பு அப்படித்தான். ஐடாவை ஐடாவாக்கியது அந்த இரவு என்றால், அதற்குப் பிறகு வந்த அரை நூற்றாண்டுக்கும் மேலான சாதாரணக் காலைகளுக்கு யார் கணக்குச் சொல்வது?

அந்தக் காலைகளைப் பார்ப்போம். பிலடெல்பியாவில் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் படிக்கத் தொடங்கி, கோர்னெல் மருத்துவக் கல்லூரிக்கு மாறி, 1899இல் பட்டம் பெற்றார். நியூயோர்க் வங்கியாளர் ஒருவர் மறைந்த தன் மனைவியின் நினைவாகக் கொடுத்த பத்தாயிரம் டொலரோடு, தோழி ஆனி ஹென்கொக்குடன் 1900 ஜனவரியில் வேலூருக்கு வந்து சேர்ந்தார். அருகில் இருந்து பழக்கிவிடுவார் என்று நம்பியிருந்த தந்தையார் அதே ஆண்டு மே மாதத்தில் காலமானார். இருபத்தொன்பது வயது. புதுப் பட்டம். பக்கத்தில் மூத்த வைத்தியர் ஒருவரும் இல்லை. இன்டர்ன் காலத்தின் முதல் இரவை நினைத்துப் பார்க்கும் எங்களுக்கு அந்த நிலைமை நன்றாகவே விளங்கும். கேட்பதற்கு ஒரு ரெஜிஸ்ட்ரார் கூட இல்லாத முதல் இரவு அது.

வைத்தியசாலை கட்டி முடியும் வரை அவர் காத்திருக்கவில்லை. பங்களாவின் ஒரு சிறு அறையில் நோயாளரைப் பார்க்கத் தொடங்கினார். ஆரம்பத்தில் வந்தவர்கள் மிகச் சிலர். வெள்ளைக்காரப் பெண், வயதும் குறைவு, யார் நம்புவார்கள்? வந்த ஒருவரைப் பார்த்த விதத்தைக் கண்டு இன்னொருவர் வந்தார். அந்த இன்னொருவர் தன் தெருவுக்குப் போய்ச் சொன்னார். இரண்டு ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் வந்துவிட்டார்கள். வேலூர் மக்கள் அவருடைய பட்டத்தையோ குடும்பப் பெயரையோ பார்த்து நம்பிக்கை கொண்டதாகத் தெரியவில்லை. நோயைத் தொடும் கையைப் பார்த்துத்தான் வந்திருக்கிறார்கள். இன்றும் அப்படித்தான். வெளிநோயாளர் பிரிவின் வாங்கில் இருக்கும் அம்மாமார் உள்ளேயிருக்கும் வைத்தியரைப் பற்றிப் பேசிக்கொள்வதைக் காது கொடுத்துக் கேட்டால், அவர் எங்கே படித்தார் என்பது அங்கே பேச்சாகவே வராது. முகத்தைப் பார்த்துப் பேசுவாரா, கேட்டதற்கு எரிந்து விழுவாரா என்பதுதான் பேச்சு.

அவருக்கு முதல் உதவியாளராக அமைந்தவர் வீட்டு வேலைக்கு இருந்த சலோமி என்ற பெண். பயிற்சி பெற்ற தாதியர் கிடைக்காத நிலையில், கை கழுவுவது முதல் சத்திரசிகிச்சைக் கருவியை எடுத்துக் கொடுப்பது வரை ஐடா அவருக்குப் பழக்கினார். இது சிறிய விஷயம் போலத் தோன்றலாம். ஆனால் ஒருவருடைய குணத்தை அறிய விரும்பினால், தனக்குக் கீழே வேலை செய்பவரை அவர் எப்படி நடத்துகிறார் என்று பார் என்பது எங்கள் தாய்மார் சொல்லித் தந்த பாடம். அடுப்படியில் நின்ற ஒரு பெண்ணிடம் ஒரு தாதியைக் காணும் கண் ஐடாவிடம் இருந்தது. அந்தக் கண் பிறகு மூடவேயில்லை. 1902இல் நாற்பது கட்டில்களோடு மேரி டேபர் ஷெல் வைத்தியசாலை திறக்கப்பட்டது. 1903இல் வேலூரில் கொள்ளைநோய் பரவியபோது தடுப்பூசியோடு வீடு வீடாகப் போனார். 1909இல் தாதியர் பயிற்சிப் பாடசாலை தொடங்கினார். அந்நியரின் உடலைத் தொட்டுத் துடைப்பது குடும்பப் பெண் செய்யும் வேலையாகக் கருதப்படாத காலம் அது. சாதித் தடை வேறு. ஐடா தாமே அந்த வேலைகளைச் செய்துகொண்டு மற்றப் பெண்களைக் கூப்பிட்டார்.

இனி நாம் அதிக நேரம் நிற்க வேண்டிய இடம் குடியாத்தம் வீதி.

வேலூரிலிருந்து குடியாத்தம் முப்பது கிலோமீற்றருக்கு மேல். வைத்தியசாலைக்கு வர முடியாதவர்களைத் தேடி வைத்தியம் போக வேண்டும் என்று நினைத்த ஐடா, வாரத்தில் ஒரு நாள் அந்த வீதியால் போகத் தொடங்கினார். 1909இல் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினோடு ஒரு சிறிய பெஜோ மோட்டார் கார் கிடைத்தது. மாடு இல்லாமல் சத்தமிட்டபடி ஓடிவரும் வண்டியைக் கண்டு முதலில் கிராமத்தவர் பேய் என்று பயந்து ஓடினார்கள். சில காலத்துக்குப் பிறகு அதே வண்டிக்காக விடியற்காலை முதலே மரத்தடிகளில் காத்திருந்தார்கள். வண்டி ஒவ்வொரு மரத்தடியிலும் நிற்கும். இறங்கி, பார்த்து, மருந்து கொடுத்து, புண்ணைக் கழுவிக் கட்டி, ஏறி, அடுத்த மரத்தடி. கண் நோய், சொறி, காய்ச்சல், ஆறாத புண், குஷ்டரோகம். பின்னாளில் மாணவிகளும் தாதியரும் கூடவே போனார்கள்.

இதில் பெருமைக்குரிய நோய் எதுவும் இல்லை. மருத்துவ சஞ்சிகையில் எழுதுவதற்குரிய அரிய சத்திரசிகிச்சை இல்லை. போன வாரம் கட்டிய புண்ணை இந்த வாரம் அவிழ்த்துப் பார்த்து மறுபடி கட்டும் வேலை. வெயில், புழுதி, பழுதாகி நிற்கும் கார். அடுத்த வாரமும் அதே வீதி, அதே மரம், அதே புண். இந்த வேலையை அவர் ஆண்டுக்கணக்காகச் செய்தார். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தால் தினமும் வேலைக்குப் போய் வந்தவர்களுக்கு, ஒரே பாதையால் தினமும் போவதென்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. ஐந்தாவது வாரத்தில் உற்சாகம் போய்விடும். அதன்பிறகு போகிறவரைப் போக வைப்பது உற்சாகமல்ல. அதற்குத்தான் நாம் குணம் என்று பெயர் வைத்திருக்கிறோம். திண்டிவனத்து இரவு ஐடாவின் வெறும்வயிற்று இரத்தப் பரிசோதனை என்றால், குடியாத்தம் வீதி அவருடைய மூன்று மாதச் சராசரி.

அடுத்தது கல்லூரி. ஊருக்கு ஒரு ஐடா இருந்தால் போதாது, இந்நாட்டுப் பெண்களே வைத்தியராக வேண்டும் என்பது அவருடைய எண்ணம். சென்னை மாகாணத்து மருத்துவத் துறைத் தலைவரிடம் அனுமதி கேட்டபோது, மூன்று பேர் விண்ணப்பித்தாலே அதிர்ஷ்டம், ஆறு பேர் கிடைத்தால் தொடங்கலாம் என்ற தோரணையில் பதில் வந்தது. அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பித்தார்கள். 1918 ஆகஸ்ட் மாதத்தில் பெண்களுக்கான மருத்துவப் பாடசாலை தொடங்கியது. உடற்கூற்றியலை ஐடாவே படிப்பித்தார். முதலாவது அரசாங்கப் பரீட்சையில் ஆண்கள் படித்த பாடசாலைகளில் ஐந்து பேருக்கு ஒருவரே தேறினார். வேலூரிலிருந்து தோற்றிய பதினான்கு பெண்களும் தேறினார்கள். எங்கள் சங்கத்தின் முதல் கூட்டங்களுக்கு நம் மூத்தோர் வந்து கூடிய அந்தக் காலத்தில்தான், ஒரு நூற்றாண்டுக்கு முன்பு, வேலூரின் முதலாவது பெண் வைத்தியர் அணி படிப்பை முடித்து வெளியே வந்தது என்பதை நினைக்கும்போது நமக்கும் கொஞ்சம் பெருமை வருகிறது.

மாணவிகள் அவரை ஐடா அத்தை என்று பொருள்படவே அழைத்தார்கள். கண்டிப்பானவர், வேலை வாங்குபவர். ஆனாலும் அத்தை. டெனிஸ் விளையாட்டில் அவருக்கிருந்த பிரியம் பிரசித்தம். அறுபது வயதைத் தாண்டிய பிறகு ஒரு போட்டியில் அவரோடு மோத நேர்ந்த இளம் பெண், ஒரு பாட்டியோடா விளையாடுவது என்று சலித்துக்கொண்டதாகவும், பாட்டி ஒரு கேமையும் விட்டுக்கொடுக்காமல் ஜெயித்ததாகவும் ஒரு கதை உண்டு. தோட்டத்தில் ரோஜா வளர்த்தார். கொடைக்கானல் மலையில் நீண்ட தூரம் நடந்தார். தியாகம் செய்தவர்கள் எல்லோரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருப்பார்கள் என்று ஓர் எண்ணம் நம்மிடையே உண்டு. தன் தியாகத்தைத் தானே ஓயாமல் நினைத்துக்கொண்டிருப்பவரோடு வேலை செய்வது மகா சிரமம் என்பதை அலுவலகத்திலும் வார்டிலும் அனுபவப்பட்டவர்கள் அறிவார்கள். விளையாடத் தெரிந்தவரின் கீழே வேலை செய்யலாம்.

ஒருவருடைய குணம் நன்றாகத் தெரியும் இன்னொரு சமயம், அவர் விரும்பியது நடக்காமல் போகும் சமயம். ஐடாவுக்கு அது அறுபத்தேழு வயதளவில் வந்தது. 1938ஆம் ஆண்டளவில் சென்னை மாகாண அரசு எல்.எம்.பி. என்ற டிப்ளோமாப் படிப்பை நிறுத்தி, இனி எம்.பி.பி.எஸ். பட்டப்படிப்பு மட்டுமே என்று தீர்மானித்தது. வேலூரில் இருந்ததோ டிப்ளோமாப் பாடசாலை. பட்டப்படிப்பு நடத்துவதென்றால் உயர் தகைமையுள்ள பேராசிரியர்கள் வேண்டும், ஆய்வுகூடங்கள் வேண்டும், கட்டில்கள் வேண்டும், பெருந்தொகைப் பணமும் வேண்டும். பெண்களை மட்டும் வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது, ஆண்களையும் சேர்த்துப் பொதுக் கல்லூரியாக்கினால் பல மிஷன்கள் ஒன்றாகக் கை கொடுக்கும் என்ற ஆலோசனை வந்தது.

இது அவருக்கு இலகுவான விஷயமாக இருந்திருக்காது. பெண்களுக்காக, பெண்களால் என்று இருபது வருடம் கட்டியெழுப்பிய வீடு அது. பெண்கள் கல்வி நிலையத்தில் படித்த நமக்கு அதன் வலி விளங்கும். அமெரிக்காவில் வேலூருக்காக நிதி திரட்டி வந்த பெண்களுள் முக்கியமானவரான லூசி பீபொடி இதைக் கடுமையாக எதிர்த்தார். பெண்களுக்கென்று கொடுத்த பணத்தையும் நம்பிக்கையையும் விட்டுக்கொடுப்பது துரோகம் என்பது அந்தப் பக்கத்து வாதம். அந்த வாதத்தை நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஐடாவும் முதலில் பெண்கள் கல்லூரியாகவே வைத்திருக்கத்தான் விரும்பினார். வேறு வழியில்லை என்று கண்டபோது மாற்றத்தை ஏற்றுக்கொண்டார். பழைய தோழமைகள் பிரிந்தன. 1941இல், எழுபது வயதில், நிதி திரட்ட அமெரிக்கா போனார். யுத்த காலம். ஊர் ஊராகப் போய்ப் பேசினார், கேட்டார், மறுபடியும் கேட்டார். 1942இல் கல்லூரிக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கிடைத்தது. 1947இல் ஆண் மாணவர் சேர்க்கப்பட்டனர்.

தான் சொன்னது நடக்கவில்லை என்றால் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போகிறவர்களை நாம் எல்லாச் சபைகளிலும் கண்டிருக்கிறோம், எழும்பிப் போகாமல் இருந்துகொண்டே வேலையைக் கெடுக்கிறவர்களையும் கண்டிருக்கிறோம். தன் விருப்பத்தை ஒதுக்கிவைத்து, நோயாளிக்கும் மாணவிக்கும் எது தேவை என்று பார்த்து, மாறிய திட்டத்துக்காகவும் பழைய உழைப்பையே உழைப்பவர்கள் மிகக் குறைவு. 1946இல் ஓய்வுபெற்றார். பொறுப்பு வைத்தியர் ஹில்டா லாசரஸ் அவர்களிடம், ஓர் இந்தியப் பெண்மணியிடம், சென்றது. தான் அமர்ந்த கதிரையில் இந்நாட்டுப் பெண்ணொருவர் அமர்வதைக் கண்ணால் காணும் பாக்கியம் தொடக்கியவர்களுள் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. எழுந்து இடம் கொடுக்க மனம் உள்ளவர்களுக்கே அது கிடைக்கும்.

கடைசிக் காலம் கொடைக்கானலில் கழிந்தது. டொக்டர் ஐடா, இந்தியா என்று மட்டும் விலாசமிட்ட கடிதமொன்று அவரிடம் சரியாகப் போய்ச் சேர்ந்தது என்று சொல்வார்கள். 1960 மே மாதத்தில், எண்பத்தொன்பது வயதில், காலமானார். அவர் விட்டுச் சென்ற வைத்தியசாலை இன்று ஆசியாவின் பெரிய போதனா வைத்தியசாலைகளுள் ஒன்று. பங்களாவின் சிறு அறை என்ற தொடக்கத்தை நினைத்தால் வியப்பாகத்தான் இருக்கிறது.

இந்த வாழ்க்கையிலிருந்து நாம் நடைமுறைக்கு எடுத்துக்கொள்ளக்கூடியது என்ன? பிள்ளைக்குத் துணை தேடும் வயதில் நம்மில் பலர் இருக்கிறோம். வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில் சிலர் இருக்கிறோம். நன்னடத்தைச் சான்றிதழ் எழுதித் தரும் அதிபர்களும் ஆசிரியைகளும் நம்முள் உண்டு. ஒருவரை மதிப்பிட வேண்டி வரும்போது அவருடைய பெரிய நாளைப் பற்றிக் கேட்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம் என்பதே எங்கள் வேண்டுகோள். அவருக்குக் கீழே வேலை செய்தவர் அவரோடு இருந்து வளர்ந்தாரா, தேய்ந்தாரா? யாரும் பார்க்காத வேலையை ஐந்தாவது வாரமும் செய்தாரா? தான் நினைத்தது நடக்காதபோது என்ன செய்தார்? இடத்தை விட்டு எழும்ப வேண்டிய நேரத்தில் எப்படி எழும்பினார்? இவற்றைக் கேட்டால் போதும். தேநீர் கொண்டுவந்து கொடுத்த பிள்ளையை நிமிர்ந்து பார்த்தாரா என்பதைக் கவனித்தாலும் பாதி தெரிந்துவிடும்.

அதே அளவுகோல் மறுபக்கமும் செல்ல வேண்டும். ஒரு தடவை அளந்த பிரஷரை வைத்து யாருக்கும் பிரஷர் என்று நாங்கள் முத்திரை குத்துவதில்லை. இருக்கச் சொல்லி, ஆறவிட்டு, வேறொரு நாளும் அளந்து பார்ப்போம். அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நள்ளிரவில் சத்தமிடும் மகன் வீட்டில் தாயை ஆறு மாதமாகத் தூக்கிக் குளிப்பாட்டியவனாக இருக்கலாம். ஒரு பொல்லாத நாளைக் கொண்டு அவனைப் பொல்லாதவன் என்று எழுதிவிட்டால் அது அநியாயம். நல்ல நாள் ஒன்று போதாதென்றால் கெட்ட நாள் ஒன்றும் போதாது. இரண்டுக்கும் சராசரி வேண்டும். பொறுமையாகப் பார்க்க நேரம் வேண்டும். நேரம் கொடுக்காமல் தீர்ப்புச் சொல்வது இந்தக் காலத்தின் நோய். ஒரு நிமிட வீடியோ ஒன்றில் ஒருவர் தேவதையாகிறார், இன்னொரு நிமிடத்தில் இன்னொருவர் அரக்கராகிறார்.

எமது பாடசாலையில் இந்தப் பார்வை எழுதாத சட்டமாகவே இருந்தது என்று சொல்ல வேண்டும். தேர்ச்சி அறிக்கையில் பாடங்களுக்கெல்லாம் புள்ளி இருக்கும். கடைசியில் நடத்தை என்ற இடத்தில் ஒரே ஒரு சொல். அந்தச் சொல்லை எழுத எங்கள் வகுப்பாசிரியைகள் ஒரு வருடம் முழுவதும் எங்களைப் பார்த்தார்கள். கரும்பலகையை அழிக்கும் முறை வந்த நாளில் யார் அழித்தார், யார் மறந்தார், மகாவலி பெருகிய மழைநாளில் யார் தன் குடைக்குள் சின்ன வகுப்புப் பிள்ளையையும் கூட்டிப் போனார், பரிசளிப்பு முடிந்தபின் கதிரை அடுக்க யார் நின்றார் என்பவையெல்லாம் அவர்கள் கண்ணில் பட்டன. சிங்களப் பிள்ளை, தமிழ்ப் பிள்ளை, முஸ்லிம் பிள்ளை என்ற பேதம் அந்தப் பார்வையில் இருந்ததில்லை.

இந்த மலரில் தலைவியர், செயலாளர், பொருளாளர் ஆகியோரின் பெயர்கள் வரிசையாக வந்திருக்கும். அவர்களுக்கு நம் நன்றி. பெயர் அச்சிடப்படாத சிலரும் உண்டு. ஒவ்வொரு வருடாந்தக் கூட்டத்துக்கும் விறாந்தையைக் கூட்டியவர், கோப்பை கழுவியவர், வர முடியாத வயோதிப ஆசிரியையின் வீட்டுக்குப் பலகாரப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்தவர், வெளிநாட்டிலிருந்து மாதந்தோறும் சொல்லாமல் ஒரு பிள்ளையின் பஸ் காசை அனுப்பியவர். ஒரு நூற்றாண்டாகச் சங்கம் நின்றது இவர்களாலும்தான். ரொறன்ரோவிலோ மெல்பேர்னிலோ இலண்டனிலோ கட்டுகஸ்தோட்டையிலோ இருந்து இதை வாசிக்கும் சகோதரிகளே, அப்படி ஒருவர் உங்கள் நினைவில் இருந்தால், அவர் உயிரோடு இருக்கும்போதே தொலைபேசியில் அழைத்து, நீங்கள் செய்துவந்ததை நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம் என்று சொல்லிவிடுங்கள்.